நூறு ரூபாயில் மாத்திரைக்குப் போனது ஒன்றரை ரூபாய்

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவள். திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் டேலி என்ற கணக்கு சாப்ட்வேரில் கணக்கு போட்டுக்கொண்டிருந்தேன், இப்போதும் வேறொரு கம்பெனியில் அதே வேலைதான். அதனால் வீட்டில் கத்தரிக்காய் வாங்கினாலும் நோட்டில் ஏற்றிவிடுவேன். என் வீட்டுக்காரருக்கு பைபோலார், அதாவது மனம் சில காலம் அடியோடு சோர்ந்தும் சில காலம் அளவுக்கு மீறிய உற்சாகத்தில் ஏறியும் நிற்கும் வியாதி, வந்து எங்களை ஆட்டிய இரண்டரை வருஷமும் ஒரு பச்சை அட்டை நோட்டில் இருக்கிறது. அழுதுகொண்டே எழுதிய பக்கங்களில் எழுத்து கலைந்திருக்கிறது, ஆனால் கூட்டல் தப்பவில்லை. அந்த நாட்களில் யாராவது ஒருத்தர், "ஏம்மா, இது இப்படித்தான் போகும், பணத்தை இந்த இடத்தில் அடைத்து வை" என்று சொல்லியிருந்தால் பாதி நஷ்டம் வந்திருக்காது. சொல்ல யாரும் இல்லை, நானும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

அவருடைய தையல் யூனிட் சின்னது. 14 மெஷின், 17 பேர். அவரே கட்டிங் மாஸ்டர், அவரே முதலாளி. 2016 கடைசியில் பணமதிப்பு நீக்கம், 2017 ஜூலையில் ஜிஎஸ்டி என்று பெரிய கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் எடுப்பவர்கள் எல்லோருமே தடுமாறிய நேரம் அது. 2017 தீபாவளி முடிந்ததும் இவர் யூனிட்டுக்குப் போவதைக் குறைத்தார். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். குளிக்க மாட்டார். "தொழில் டல்லு, அதான் யோசனை" என்று அத்தை சொன்னார், நானும் அப்படித்தான் நினைத்தேன். பக்கத்துத் தெரு டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்று ஊசி போட்டார். அப்புறம் இன்னொரு டாக்டர் மன அழுத்தம் என்று ஒரு மாத்திரை எழுதினார். அவர் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: இதற்கு முன் எப்போதாவது அளவுக்கு மீறிய உற்சாகத்தில் இருந்தாரா? கேட்டிருந்தால் 2013-ல் ஒரு பத்து நாள் இவர் தூக்கமே இல்லாமல் வீட்டுக்குத் தானே வெள்ளையடித்து, மொட்டை மாடியில் முயல் பண்ணை போட்ட கதையைச் சொல்லியிருப்பேன். அதை நாங்கள் வியாதியாக நினைக்கவில்லை, சிரித்துப் பேசும் விஷயமாக வைத்திருந்தோம். பைபோலார் உள்ளவருக்கு மன அழுத்த மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் சிலருக்கு அது அப்படியே மறுமுனைக்குத் தூக்கிவிடும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். உங்கள் வீட்டில் யாருக்காவது மன அழுத்தம் என்று வைத்தியம் ஆரம்பித்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் அந்த முயல் பண்ணைக் கதைகளை நீங்களே சொல்லிவிடுங்கள்.

2018 மார்ச் 23 ராத்திரி முழிப்பு வந்து பார்த்தால் ஹாலில் லைட் எரிகிறது. தரையில் பேட்டர்ன் அட்டைகளைப் பரப்பி அவற்றின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். "ஏனுங்க, மணி ரெண்டுங்க" என்றேன். "தூங்கறவன் தூங்கட்டும் புள்ள. 14 மெஷினை 40 ஆக்கறேன் பாரு" என்றார். நாலு மணிக்குக் குளித்து, சவரம் செய்து, நெற்றியில் திருநீறோடு நிற்கிறார். அஞ்சு மாசமாகச் சுவரைப் பார்த்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன். அந்த வாரம் டைலர், கூட உதவிக்கு நிற்கும் கைமடி என்று பார்க்காமல் ஆளுக்கு ஒரு எவர்சில்வர் குடம் வாங்கிக் கொடுத்தார். "உங்க வீட்டுக்காரர் பழையபடி ஆயிட்டாருங்கக்கா" என்று ஒரு டைலர் பெண் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

பழையபடி இல்லை என்பது தூக்கத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். தூக்கம் வராமல் புரண்டு மறுநாள் சோர்ந்து கிடப்பது வேறு. இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டு, அது போதும் என்று ஓடுவது வேறு. அந்த இரண்டாவது விஷயம் இரண்டு நாள் தொடர்ந்தாலே டாக்டருக்கு போன் போட வேண்டும். நான் போடவில்லை. அவர் மெஷினுக்குப் பணம் கேட்டபோது நானே பீரோவைத் திறந்து 12 பவுனை எடுத்துக் கொடுத்தேன். ஏமாற்றி வாங்கவில்லை, திருடவில்லை. அவர் பேசிய பேச்சில் எனக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. அடகு வைத்து 1,90,000 வாங்கினார். ஓவர்லாக் மூன்று, பேட்லாக் மூன்று என்று 2,10,000-க்கு மெஷின் வந்து இறங்கியது, போட இடம் இல்லை. அப்புறம் மூணு வட்டிக்கு 2,00,000 வாங்கி, கரண்ட் அக்கவுண்டில் இருந்த ஒரு லட்சத்தையும் சேர்த்து, பெருமாநல்லூர் பக்கம் 10 சென்ட் இடத்துக்கு 3,00,000 அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமென்ட் போட்டார். இதெல்லாம் எனக்குத் தெரிந்தது சனிக்கிழமை சம்பளம் போடப் பணம் இல்லாதபோதுதான். கேட்டேன். கேட்டதற்கு அவர் எறிந்த டம்ளர் சுவரில் பட்ட தடம் இன்னும் இருக்கிறது. அவர் அப்படிச் செய்கிறவரே அல்ல.

அத்தை ஒரு மந்திரவாதியைக் கூட்டிவந்தார். எலுமிச்சம்பழம், தாயத்து, அமாவாசை பூஜை என்று எல்லாமாக 34,000. கோயிலுக்குப் போவதை நான் குறை சொல்லவில்லை. மனநோய் தீர வேண்டிக்கொள்கிற குணசீலம் பெருமாளிடம் நாங்கள் இன்றும் போகிறோம், முகத்தில் தீர்த்தம் தெளிக்கும்போது எனக்கே அழுகை முட்டும். ஆனால் "மாத்திரை சாப்பிட்டால் பூஜை பலிக்காது" என்று சொல்கிறவர் யாராக இருந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். கடைசியில் என் அண்ணனுக்கு போன் செய்தேன். அத்தனை நாள் செய்யாததற்கு மானம்தான் காரணம். "ஏங்கண்ணு, இத்தனை நாள் ஏன் சொல்லலே?" என்று மட்டும் கேட்டார். ஏப்ரல் 14, ஊரெல்லாம் சித்திரைக்கனி பார்த்துக்கொண்டிருந்த காலையில், நானும் அண்ணனும் இரண்டு டைலர்களும் சேர்ந்து அவரை ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். 18 நாள். பில் 1,32,000.

மெடிக்கல் இன்சூரன்ஸ் இருந்தது. அஞ்சு வருஷம் விடாமல் பிரீமியம் கட்டிய பாலிசி. மனநோய்க்குக் கிடையாது என்று ஒரு வரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள், பாலிசியில் அந்த விலக்கு பொடி எழுத்தில் இருந்தது. எங்கள் டிஸ்சார்ஜ் மே முதல் வாரம். உடல்நோய்க்கு என்ன அடிப்படையோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று சொல்லும் மனநலப் பராமரிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2018 மே 29. நாலு வாரம்! சட்டம் வந்த பிறகும் பல பாலிசிகளில் அந்த வரி உடனே போய்விடவில்லை. 2022 அக்டோபரில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், மாதக் கடைசிக்குள் எல்லாக் கம்பெனியும் இதற்கு இணங்கியிருக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டது. இன்றைக்கு உங்களை யாராவது மனநோய் என்ற ஒரே காரணத்தைச் சொல்லித் திருப்பினால் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவை எழுத்தில் காட்டி எழுத்திலேயே பதில் கேளுங்கள். ஆனால் பாலிசி எடுக்கும்போது வியாதியை மறைக்காதீர்கள், அந்தக் காரணத்துக்காக மறுத்தால் வாதாடுவது கஷ்டம். காத்திருப்புக் காலம் எவ்வளவு, அட்மிஷன் ஆகாத செலவுக்குப் பணம் உண்டா என்பதையும் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம், மாசா மாசம் டாக்டரைப் பார்க்கிற செலவு நம் தலையில்தான்.

இடத்துக்குக் கொடுத்த அட்வான்ஸ் போனது போனதுதான் என்று எல்லோரும் சொன்னார்கள். கம்பெனியில் எங்கள் முதலாளிக்குத் தெரிந்த வக்கீல்தான் வேறு மாதிரி சொன்னார். 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தில் 12-ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது. வழக்கமாகத் தெளிவாக இருக்கும் ஒருவர், இடையில் தெளிவில்லாத நேரத்தில் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. ஆனால் அந்தத் தேதியில் தெளிவில்லாமல் இருந்தார் என்று நாம்தான் காட்ட வேண்டும். அக்ரிமென்ட் தேதி ஏப்ரல் 9. மருத்துவமனைச் சேர்க்கைச் சீட்டில் "மூன்று வாரமாகத் தூக்கமின்மை, அதிகச் செலவு" என்று டாக்டர் எழுதியிருந்தார். அந்த ஒரு வரிதான் எங்களுக்கு உதவியது. வக்கீல் நோட்டீஸ் போனதும் இடத்துக்காரர் இழுத்துப் பறித்து 1,00,000 திருப்பிக் கொடுத்தார். கோர்ட்டுக்குப் போயிருந்தால் முழுசும் வந்திருக்கலாம், எனக்குத் தெம்பு இல்லை. நான் சொல்ல வருவது இதுதான்: சேர்க்கும்போது டாக்டரிடம் எந்தத் தேதியிலிருந்து மாறினார், என்னென்ன வாங்கினார் என்பதையெல்லாம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை மூன்று நகல் எடுத்து வையுங்கள்.

வீடு திரும்பியதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். வந்தது அடுத்த முனை. தான் செய்ததெல்லாம் அவருக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. வட்டிக்காரர் வாசலில் வண்டியை நிறுத்தும் சத்தம் கேட்டால் போர்வையை இழுத்து மூடிக்கொள்வார். ஒரு நாள், "நான் இல்லாட்டி எல்ஐசி பணமாவது வரும்" என்றார். நான் அன்றைக்கே அவரை டாக்டரிடம் கூட்டிப்போனேன், அதற்கு அப்புறம் தனியாக விடவில்லை. இப்போது என்றால் அந்த ராத்திரியிலேயே 14416-க்கு அடித்திருப்பேன். டெலி மானஸ், 2022 அக்டோபரில் ஆரம்பித்த இலவச மனநல உதவி எண், தமிழிலும் பேசலாம். அன்றைக்கு அது இல்லை. பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாததால் வேலையை விட்டேன். மாசம் 16,000 சம்பளம், 11 மாசம் போனது. என் தப்புகளிலேயே பெரியது பீரோவைத் திறந்ததல்ல, இதுதான். அண்ணி ஒரு மாசம், அத்தை ஒரு மாசம் என்று ஆள் மாற்றி வைத்துவிட்டு லீவோ அரை நாள் வேலையோ கேட்டிருக்கலாம். கேட்க வெட்கம். வீட்டில் ஓடிக்கொண்டிருந்த ஒரே வருமானத்தையும் நானே நிறுத்தினேன், அப்புறம் பையனின் ஸ்கூல் பீஸுக்கு அண்ணனிடம் போய் நின்றேன்.

யூனிட் ஏழு மாசம் பூட்டிக் கிடந்தது. என் நோட்டில் ஏறாத கணக்கு இங்கேதான் இருக்கிறது. 17 பேருக்கு ஒரே சனிக்கிழமையில் வேலை போனது. குடத்தை வாங்கிக்கொண்டு சிரித்த அந்தப் பெண், அதைக் கொடுத்த கையிடமே இரண்டு வாரச் சம்பள பாக்கிக்கு வந்து நின்றாள். சிலர் வேறு கம்பெனிக்குப் போனார்கள், ஒரு குடும்பம் ஊரைப் பார்க்கவே போய்விட்டது. எங்களுக்குத் துணி கொடுத்த பார்ட்டிக்கு டெலிவரி தவறியது. ஒருத்தர் மூளையில் நடந்த கோளாறு இத்தனை அடுப்பைத் தொடுகிறது. இந்தியாவில் 2017 கணக்குப்படி சுமார் 76 லட்சம் பேருக்கு பைபோலார் இருப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். பெங்களூரு மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16-ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய ஆய்வில், பைபோலார் உள்ள நூறு பேரில் 70 பேர் சிகிச்சையில் இல்லை என்று வந்தது. மனநோய் உள்ள குடும்பங்கள் வைத்தியத்துக்கும் போக்குவரத்துக்கும் மாசம் 1,000-லிருந்து 1,500 வரை கைக்காசு செலவழிக்கின்றன என்றும் அதில் இருக்கிறது. அந்தத் தொகையைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். தப்பான தொகை என்பதால் அல்ல, அது தண்ணீருக்கு மேலே தெரிகிற பாறை. அமெரிக்காவில் பைபோலாரின் முதல் வகைக்கு மட்டும் 2015-ல் ஆன மொத்தச் சுமையை 20,200 கோடி டாலர் என்று கணக்கிட்டார்கள். அதில் வைத்தியச் செலவு நூற்றுக்கு 21தான். கூட இருந்து பார்த்துக்கொள்பவர்களின் நேரமும் இழப்பும் 36, வேலையின்மை 20. அதைப் படித்தபோது என் 11 மாசத்துக்கும் எங்கேயோ ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறார்கள் என்று தோன்றியது.

லித்தியம் என்ற மாத்திரைதான் அவரை நிமிர்த்தியது. அதற்கான விதிகளை முதலிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ராத்திரி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்னால், லித்தியம் அளவு பார்க்க ரத்தம் எடுக்க வேண்டும். தைராய்டும் சிறுநீரகமும் அவ்வப்போது பார்க்க வேண்டும். வெயில் காலத்தில் தண்ணீர் குறைந்தாலும், வாந்தி பேதி வந்தாலும், மெடிக்கலில் கேட்டு இபுபுரூபன் மாதிரி வலி மாத்திரையை விழுங்கினாலும் ரத்தத்தில் அளவு ஏறி விஷமாகிவிடக்கூடும். இதெல்லாம் டாக்டர் சொன்னார். சொல்லாதது கை நடுக்கம். சொல்லியிருக்கலாம், எனக்குக் காதில் விழாமல் இருந்திருக்கலாம். கட்டிங் மாஸ்டருக்குக் கைதான் சோறு. யூனிட்டைத் திரும்பத் திறந்த பிறகு, மெஷின் கத்தி துணி அடுக்கில் வரைந்த கோட்டிலிருந்து நூலளவு விலகுவதை அவர் பார்த்திருக்கிறார். யாரிடமும் சொல்லாமல் 2019 ஆகஸ்டில் மாத்திரையை நிறுத்திவிட்டார், தினமும் ஒன்றை எடுத்து வாஷ்பேசினில் போட்டிருக்கிறார். தீபாவளிக்கு முன்னால் ஒரு ராத்திரி தனியாக உட்கார்ந்து 600 பீஸ் வெட்டினார். எந்த சைஸில் எத்தனை பீஸ் என்ற ரேஷியோ அத்தனையும் தப்பு. பார்ட்டி 85,000-க்கு டெபிட் நோட் போட்டு அதை எங்களுக்கு வர வேண்டிய பணத்தில் கழித்துக்கொண்டார். இந்த முறை ஐந்தாம் நாளே டாக்டரிடம் போனதால் அட்மிஷன் இல்லாமல் தப்பித்தோம். டாக்டர் லித்தியத்தைக் கொஞ்சம் குறைத்து நடுக்கத்துக்கு இன்னொரு சின்ன மாத்திரையும் சேர்த்தார். இரண்டு வாரத்தில் நடுக்கம் நின்றது. கேட்டிருந்தால் அதே வைத்தியம் ஆகஸ்டிலேயே கிடைத்திருக்கும். என்ன வேலை செய்கிறவர், அந்த வேலைக்கு எந்த உறுப்பு முக்கியம் என்பதை மாத்திரை எழுதும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

2020 ஆகஸ்டில் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு மாறினோம். அங்கே போனால் தெரிந்தவர் பார்த்துவிடுவார்கள் என்றுதான் இரண்டு வருஷம் போகாமல் இருந்தோம். போன முதல் நாளே வரிசையில் எங்கள் தெருக்காரர் ஒருத்தர் நின்றார். அவரும் நாங்களும் பார்த்துச் சிரித்துக்கொண்டோம், அவ்வளவுதான். மாசத்துக்கான மாத்திரை இலவசம், காத்திருக்கும் நேரம் மட்டும் ஜாஸ்தி. ஊனமுற்றோர் சான்றிதழ் பற்றி அங்கேதான் சொன்னார்கள். 2016 ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தில் மனநோயும் வருகிறது, 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்றிதழ் கிடைத்தால், அதை வைத்து, நம்மைச் சார்ந்திருப்பவர் என்றால் அப்போதைய வருமான வரிச் சட்டத்தின் 80டிடி பிரிவில், பழைய வரி முறையில், வருமானத்தில் 75,000 கழிவு இருந்தது. இவர் வேண்டாம் என்றுவிட்டார். "நான் நல்லாத்தானே இருக்கேன்" என்றார். வற்புறுத்தவில்லை.

பணத்துக்கு வேலி போட்டது அவர் தெளிவாக இருந்தபோதுதான், அவர் சம்மதத்தோடுதான். வியாதி ஏறிய பிறகு கார்டைப் பிடுங்கினால் சண்டைதான் வரும். யூனிட் அக்கவுண்டை இரண்டு கையெழுத்தாக மாற்றினோம். போனில் பணம் அனுப்பும் வரம்பை 5,000 ஆக்கினோம். மிச்ச நகை அண்ணன் பெயரில் இருக்கிற லாக்கரில். வழக்கமாக வட்டிக்குக் கொடுக்கும் இரண்டு பேரிடம் நானே போய், என்னிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள் என்று சொன்னேன். ஒருத்தர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார், இன்னொருத்தர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அதுவும் ஒரு வகையில் வேலிதான். மனநலச் சட்டப்படி, திரும்பவும் அட்மிஷன் என்று வந்தால் தன் சார்பில் பேச என்னை நியமிப்பதாக ஒரு வெள்ளைத் தாளில் அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். நோட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.

நோட்டின் கடைசிப் பக்கக் கூட்டல்: இடம் 2,00,000. மெஷின் விற்றதில் நஷ்டம் 90,000. நகை வட்டி 57,000. மூணு வட்டிக்காரருக்கு 20 மாசம் கட்டியது 1,20,000. டெபிட் நோட் 85,000. ஆஸ்பத்திரி 1,32,000. டாக்டர், டெஸ்ட், போக்குவரத்து 48,000. மந்திரவாதி 34,000. என் சம்பளம் 1,76,000. யூனிட் பூட்டிய ஏழு மாசம் அவர் வருமானம் 2,10,000. தனியாரில் 26 மாசம் வாங்கிய மாத்திரை, மாசம் 700 வீதம், 18,200. மொத்தம் 11,70,200. நூறு ரூபாய் போயிருந்தால் அதில் மாத்திரைக்கு ஒன்றரை ரூபாய்.

போன பங்குனியில் ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு ஹாலில் லைட் எரிந்தது. எழுந்து போனேன். தரையில் உட்கார்ந்திருந்தார், எதிரில் பேட்டர்ன் அட்டை, கையில் பேனா. என்னைப் பார்த்ததும் பேனாவை மூடினார். "ரெண்டு நாளா தூக்கம் கம்மியா இருக்குது புள்ள. காலைல போயிட்டு வந்தரலாமா?" என்று கேட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஏடிஎம் கார்டை எடுத்து என் பக்கமாகத் தள்ளினார். போனோம். ராத்திரி மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள், நாலாம் நாள் தூங்கிவிட்டார். அந்த முறை நோட்டில் எழுதியது: பஸ் 60, டீ 24, என் அரை நாள் லீவு.